தண்ணிக்காரர் வாங்கிய கையெழுத்து

அத்தியாயம் 14

அன்று ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததிலிருந்தே ரோசரிக்குள் ஒரு நிறைவு. கோப்பி கலக்கும்போதும் பூசைக்குக் கட்ட வேண்டிய சேலைக்கு இஸ்திரி போடும்போதும் பார்வை தானாகச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போய் வந்தது. மேசையில் ஒரு நீலக் கோப்பு. அதற்குள் ஐந்நூற்று முப்பத்தெட்டுக் கையெழுத்துகள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாதா கோயில் மண்டபத்துக்கு ஒய்பி வருகிறார். நாடாளுமன்ற உறுப்பினர் என்று ஈப்போவில் யாரும் அத்தனை நீளமாகச் சொல்வதில்லை. மகஜரை அவர் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் அது அவர் பாடு.

இடையில் ஒரு வாரம் விட்டுப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. புந்தோங்கில் ரோசரி நடத்தும் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குகிற மாவி, மியன்மாரில் சின் மலைப்பக்கத்துக்காரி. எட்டு வயது மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு அகதியாக வந்தவள். அவள் கிராமத்தின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். கூரை போன தேவாலயத்தின் படம் ஒன்று போனில் வந்தது. அதற்குப் பிறகு பத்தொன்பது நாளாக அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மாவி அழவில்லை. முட்டைக்கோசை மட்டும் முன்பைவிட மெல்லிசாக நறுக்க ஆரம்பித்தாள். நூல் நூலாக விழுந்த அந்த முட்டைக்கோசைப் பார்த்துத்தான் ரோசரி கோலாலம்பூரில் இருந்த மகளுக்குப் போன் போட்டாள்.

ஷார்மேன் வழக்கறிஞர் பயிற்சியில் இருப்பவள். ஒரே நாளில் மகஜரை எழுதி அனுப்பிவிட்டாள். கிராமங்களின் மேலும் மருத்துவமனைகளின் மேலும் குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லி ஆசியான் கூட்டத்தில் நம் அரசாங்கம் குரல் கொடுக்க வேண்டும். எல்லை வழியாக மருந்தும் அரிசியும் போக வழி கேட்க வேண்டும். இரண்டு பக்கம், மலாய் மொழியில். ஒய்பியின் உதவியாளர் சுரேன் படித்துப் பார்த்துவிட்டு, வாக்காளர்கள் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒய்பி நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்பார் என்று சொல்லியிருந்தான்.

அந்த ஐந்நூறைத் தாண்டியாகிவிட்டது. ரோசரியின் நிறைவுக்கு அதுதான் காரணம்.

அந்த நேரம் பார்த்து பெர்னார்ட்டின் போன் அடித்தது.

பெர்னார்ட் அவள் கணவர். நீர் இலாகாவில் முப்பது வருடம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குள் இன்றைக்கும் அவர் தண்ணிக்காரர்தான். காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். பெல்மோர் தோட்டத்துச் சின்னையாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"மச்சான், இன்னிக்குத்தானே ஒய்பிகிட்ட குடுக்கறீங்க? பைப்பு எந்த மாசம் போடுவாங்கன்னு மறக்காம கேட்டுச் சொல்லு. இங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க லா."

பெர்னார்ட் அவசரமாகப் போனை அணைத்தார். அணைத்த வேகத்தில் கையிலிருந்த ரொட்டி கோப்பிக்குள் விழுந்தது.

ரோசரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்ன பைப்பு?"

கோப்பிக்குள் கரைந்துகொண்டிருந்த ரொட்டியை அவர் கரண்டியால் தேடினார். தேடிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக, விஷயம் வெளியே வந்தது.

பெல்மோர் தோட்டம் அவர் பிறந்து வளர்ந்த இடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, கம்பெனி கைமாறி, இப்போது அறுபது வீடுகள்தான் மிச்சம். அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது. பழைய தொட்டியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதுதான். கையெழுத்து வாங்க அவர் போன அன்று ஷார்மேன் தாள் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, மகஜரின் முதல் இரண்டு பக்கத்தை அனுப்பாமல் கட்டம் போட்ட தாள்களை மட்டும் கொடுத்திருந்தாள். பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. எதற்காக என்று அதில் ஒரு வரி இல்லை.

"நீங்க வாயால சொல்லலையா?"

"சொல்லத்தான் போனேன் ரோசி. முதல் வீடு மங்களம் அக்கா வீடு. படியேறல, அதுக்குள்ள கோப்பியைக் கையில குடுத்து, 'பெர்னார்ட்டு, உனக்காவது எங்க ஞாபகம் வந்துச்சே'ன்னு சொல்லிட்டாங்க. கண்ணு வேற கலங்கிருச்சு. அதுக்கப்புறம் எப்படிலா சொல்றது?"

ரோசரிக்கு வேறொன்று தோன்றியது.

"ஏங்க, அந்த ஊதாச் சட்டையைப் போட்டுக்கிட்டா போனீங்க?"

அது நீர் இலாகாவின் வேலைச் சட்டை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பேனா வைக்க அதுலதான் பாக்கெட் ஆழம்."

இதற்காகவே முந்தின நாள் வீட்டுக்கு வந்திருந்த ஷார்மேன் அறைக்குள்ளிருந்து சிரிப்பது கேட்டது. ரோசரிக்கும் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஆனால் அது தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. நீர் இலாகாச் சட்டையில், கையில் அட்டையோடு தண்ணிக்காரர் வந்தால் பெல்மோரில் எவர்தான் காரணம் கேட்பார்? பள்ளிக்கூடத்துக்கு, கோயில் நிலத்துக்கு, இடுகாட்டுக்கு என்று அவர்கள் போடாத மகஜரா? பேனாவை நீட்டினால் கை தானாக வாங்கிக்கொள்ளும்.

பெல்மோரில் வாங்கியது நூற்று நாற்பத்து மூன்று. கழித்தால் மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"யாரும் செக் பண்ண மாட்டாங்க மம்மி," என்றாள் ஷார்மேன், தலையைத் துவட்டிக்கொண்டே வந்து. பிறகு குரலைத் தணித்து, "நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க," என்றாள்.

*

பூசை முழுவதும் ரோசரி தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தாள்.

நல்ல காரியம். யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்கள் போட்டிருப்பார்கள். இரக்கமில்லாத ஜனங்களா என்ன? இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். எல்லாமே சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் சங்கடமாகவும் இருந்தது. இந்த இரண்டு வாரத்தில் தினமும் படுக்கப் போகுமுன் தாள்களை எண்ணிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. ஆரம்பத்தில் எண்ணும்போது மாவியின் மகள் நினைவுக்கு வருவாள். போன புதன்கிழமைக்குப் பிறகு எண்ணிக்கை மட்டும்தான் வந்தது. அந்த எண் தனக்கு இவ்வளவு பிரியமாகிப் போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடமும் இப்போதுதான் சொன்னாள்.

வெளியே வந்ததும் மாவி ஓடி வந்து ரோசரி கையிலிருந்த நீலக் கோப்பை வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்தபடி, ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தாள். புஷ்பலதா. கனகராஜ். பெல்மோர்த் தாளுக்கு வந்து, சின்னையா என்பதை மூன்று துண்டாகச் சொல்லிச் சிரித்தாள். பிறகு தனக்குத் தெரிந்த கடைவீதி மலாயில் மெதுவாகக் கேட்டாள். இத்தனை பேருக்கும் ரெமி பெயர் தெரியுமா அக்கா?

ரெமி அவள் மகள்.

கோயிலிலும் பசாரிலும் ரோசரி கையெழுத்து வாங்கிய ஒவ்வொருவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தாள். முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து பேருக்கும் தெரியும்.

"ஏங்க, காரை எடுங்க," என்றாள் கணவரிடம். "பெல்மோருக்குப் போலாம்."

*

கார் பத்து காஜா ஊரைத் தாண்டியது. பின் இருக்கையில் ஷார்மேன் மலாயும் ஆங்கிலமும் கலந்து மாவிக்கு விஷயத்தை விளக்கினாள். மாவி கோப்பை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

செம்பனை மறைப்புக்குள் கார் நுழைந்ததும் பெர்னார்ட் வேகத்தைக் குறைத்தார். இந்தப் பாதையில் அவர் எப்போதும் அப்படித்தான். இன்று அது வேறு தயக்கம் என்று ரோசரிக்குத் தெரிந்தது. கியர் மேல் இருந்த அவர் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தாள்.

"திட்டுவாங்களா?" என்று கேட்டார், பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போகிற பிள்ளையைப் போல.

"திட்டுவாங்க. நானும் கூட நிக்கறேன்லா."

ஒவ்வொரு வீட்டு முன்னாலும் தண்ணீர் பிடித்து வைத்த நீலத் தோங்குகள் வரிசையாக நின்றன. ஒரு காலத்தில் விடியுமுன் ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களத்தில் இப்போது பந்தடிக்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அங்கேயே எல்லாரும் கூடினார்கள். தண்ணிக்காரர் குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்றால் நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று முகங்களில் எழுதியிருந்தது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ரோசரி உட்காரவில்லை.

பெர்னார்ட்தான் முதலில் பேசினார். தப்பு தன்னுடையது, முதல் வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும், கோழைத்தனமாக இருந்துவிட்டேன் என்றார். மீட்டர் எண் வாசிக்கிற அதே குரலில், நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அப்புறம் ரோசரி, இந்தக் கையெழுத்துகள் எதற்காக என்று சொன்னாள். காரில் வரும்போது யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. முட்டைக்கோசைப் பற்றித்தான் சொன்னாள். பத்தொன்பது நாளைப் பற்றிச் சொன்னாள். ரெமியின் பெயரைச் சொன்னாள்.

சின்னையா முன்னால் வந்தார். பெர்னார்ட்டோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

"அப்போ தண்ணி இல்ல."

"இல்லண்ணே," என்றாள் ரோசரி.

"வேற நாட்டுக்கு."

"ஆமா."

"கீழ் லயத்தை உடைச்சாங்களே, அப்போ எங்களுக்கு யாரு கையெழுத்துப் போட்டா? அதைச் சொல்லு முதல்ல."

அந்த வருடம் ஷார்மேனுக்குப் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவப் பரீட்சை. லயத்து வரிசை வீடுகளை இடித்த செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் படித்து, பாவம் என்று சொல்லி, மறுநாள் அதே பத்திரிகையில் கருவாட்டை மடித்து வைத்தது ரோசரியின் நினைவுக்கு வந்தது. நாற்பது நிமிடத் தூரம். இரண்டு வாரத்தில் மியன்மாரின் மலைப் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்தவள், இங்கே எந்தக் கிழமை தண்ணீர் வரும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தூரத்தில் இருக்கிறவர்களுக்காக உருகுவது ஏன் சுலபமாக இருந்தது என்பதை அந்த வெயிலில் நின்றபோது கொஞ்சம் புரிந்துகொண்டாள். தூரத்தில் இருப்பவர்கள் இப்படி நேருக்கு நேர் நின்று கேட்கமாட்டார்கள்.

"நானும் போடலண்ணே," என்றாள்.

சின்னையா அதை எதிர்பார்க்கவில்லை. தன் பெயர் இருந்த பெல்மோர்த் தாளைக் கோப்பிலிருந்து உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். பத்துப் பதினைந்து பேர் அவர் பின்னால் போனார்கள்.

அப்போதுதான் மங்களம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அறுபத்து நாலு வயது. இன்றைக்கும் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்க வேலைக்குப் போகிறவள். ரோசரியைத் தாண்டிப் போய் மாவியின் முன்னால் நின்றாள்.

"அனாக் பெராப்பா?" என்று கேட்டாள். எத்தனை பிள்ளை என்று.

மாவி ஒரு விரலைக் காட்டினாள்.

மங்களம் தலையாட்டினாள். பிறகு பெர்னார்ட்டிடம் திரும்பி, "அன்னிக்கு ஊர்ல எல்லாருகிட்டயும் வாங்கின. எங்கிட்ட மட்டும் வாங்கல. பேனாவுக்குக் கை நீட்டினேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

பெர்னார்ட் தலையைக் குனிந்துகொண்டார். ரோசரிக்கு இது புதிய செய்தி.

மங்களத்தின் அடையாள அட்டை சிவப்பு. இந்தத் தோட்டத்தில் பிறந்து, இதன் மரங்களில் பால் வெட்டி, பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்றுவரை குடியுரிமை கிடைக்காதவள். ஓட்டு இல்லை. வாக்காளர்கள்தான் வேண்டும் என்று சுரேன் சொன்னதால், வேணாம்க்கா என்று பெர்னார்ட் பேனாவை இழுத்துக்கொண்டிருக்கிறார். அவளும் உள்ளே போய் அவருக்கு இன்னொரு கோப்பி கொண்டுவந்திருக்கிறாள்.

"தண்ணிக்குத்தான் என் பேரு வேணாம்னுட்ட. சரி. இந்தப் புள்ளைக்குமா வேணாம்?"

ஷார்மேன் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். அதன் தலைப்பில் எதற்காக இந்தக் கையெழுத்து என்பதைத் தமிழில் பெரிதாக எழுதினாள். இன்னொன்றில் அதையே எழுதி, அதற்குக் கீழே 'ஓட்டு இல்லாதவர்கள்' என்று போட்டாள். இரண்டாவது தாளில் மங்களம் முதலில் எழுதினாள். ம, ங், க என்று ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. அவளைப் போலச் சிவப்பு அட்டைக்காரர்கள் இன்னும் இரண்டு பேர். நாலாவதாகப் பேனா மாவியிடம் வந்தது. இத்தனை நாளில் அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை என்பது ரோசரிக்கு அப்போதுதான் உறைத்தது.

மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். சிலர் பெர்னார்ட்டை ஒரு பிடி பிடித்துவிட்டே போட்டார்கள். ஒருத்தர் தலைப்பை மூன்று முறை படித்துவிட்டு, வேண்டாம் என்று பேனாவை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பழைய பெல்மோர்த் தாள்கள் எல்லாவற்றிலும் ஷார்மேன் கோடு கிழித்தாள். புதுத் தாளில் வந்தது தொண்ணூற்றொன்று.

ஓட்டு உள்ளவர்கள் எல்லாம் சேர்த்து நானூற்று எண்பத்தாறு. பதினாலு குறைவு.

திரும்பும் வழியில் பெர்னார்ட் ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று ரோசரி கேட்டதற்கு, அடுத்த வாரம் தண்ணிக்குத் தனியாக ஒரு மகஜர் எழுத வேண்டும், இந்த முறை வேறு சட்டையில் போகிறேன் என்றார். அந்தச் சட்டையிலேயே போங்க, தண்ணிக்கு அதுதான் சரி என்றாள் ரோசரி. காலையில் தொண்டையில் நின்ற சிரிப்பு இப்போது வந்தது.

*

நாலே முக்காலுக்கு மண்டபத்தில் சுரேன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சிலோடு எண்ண ஆரம்பித்தான். மாவியோடு தங்கியிருக்கும் சின் பெண்கள் மூவர் வந்து ஓட்டு இல்லாதவர்கள் தாளில் தங்கள் பெயரையும் எழுதியிருந்தார்கள். அதில் இப்போது ஏழு பெயர்.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் இருமிக்கொண்டே வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த மங்களம் நைலான் சேலையை உதறிக்கொண்டு இறங்கினாள். முன்னால் சின்னையா, தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மேசை மேல் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்றில் ஷார்மேனின் தலைப்பைப் பார்த்து அவரே எழுதிய வரி, கீழே ஒன்பது கையெழுத்து. இன்னொன்று பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். பெல்மோர் தோட்டத்துத் தண்ணீரைப் பற்றி அதில் எழுதியிருந்தது.

"ரெண்டையும் குடுப்பியா?" என்று ரோசரியிடம் கேட்டார். பெர்னார்ட்டின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

"நீங்களே குடுங்கண்ணே. எம் பக்கத்துல உக்காருங்க."

பெர்னார்ட் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். சின்னையா அதில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கோப்பி கீப்பி இல்லையா மச்சான்?" என்றார்.

சுரேன் எண்ணி முடித்தான். நானூற்றுத் தொண்ணூற்றைந்து. கடைசித் தாளுக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"இந்த ஏழு பேருக்கும் ஓட்டு இல்லையேக்கா."

"இல்ல தம்பி."

"இவங்களையும் எண்ணினாத்தான் ஐந்நூறு தாண்டுது."

"எண்ணுங்க," என்றாள் ரோசரி.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நல்ல பையன். அவன் சங்கடம் அவளுக்குப் புரிந்தது. வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. ஒய்பியைத்தான் கேட்கணும் என்று சொல்லி, அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அவன் எழுந்தான்.

மங்களம் வழியில் நின்றாள்.

"அதுல முதல் பேரு என்னுது தம்பி. கேக்கறதுன்னா நானே வந்து கேக்கறேன்."

அவன் ஒதுங்கி வழிவிட்டான். மங்களம் படியிறங்கினாள். இரண்டு படி போய்த் திரும்பி மாவியைப் பார்த்து, வா என்று தலையை அசைத்தாள். மாவி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். ஷார்மேன் எழப் போனாள். ரோசரி அவள் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கார்க் கதவு திறந்தது. உள்ளே இருப்பவரின் முகம் இங்கிருந்து தெரியவில்லை. மங்களம் குனிந்து பேசுவது தெரிந்தது. அவள் கை மாவியின் தோள்மேல் இருந்தது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை. ரெமி என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது.

இரண்டு வாரத்தில் முதல்முறையாக ரோசரி எதையும் எண்ணாமல் உட்கார்ந்திருந்தாள்.